ஏழு நிமிடம் யாருடைய கணக்கில்?

பதினோரு வருடமாகப் புறநகர் ரயிலில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, காலை ஷிப்ட் எட்டு மணிக்கு. 7:02 வண்டியில் ஏறினால் 7:42க்கு இறங்கலாம், பத்து நிமிடம் நடந்தால் 7:52க்கு உள்ளே இருக்கலாம். கால அட்டவணையை நம்பினால் எட்டு நிமிடம் கையில் மிச்சம். அந்த எட்டில் ஏழு நிமிடத்தை ரயில் தினமும் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறி இறங்கி ஓடியே இரண்டு வருடம் போனது.

எட்டு மணி தாண்டினால் லேட் மார்க். மூன்று லேட் மார்க்குக்கு அரை நாள் விடுப்பு போகும். அது என் நஷ்டம், பரவாயில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரவு ஷிப்டில் இருப்பவள் நான் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்ட பிறகுதான் கிளம்ப முடியும். நான் பத்து நிமிடம் தாமதமானால் அவள் தன் ரயிலை விட்டுவிடுவாள், அடுத்த வண்டிக்கு இருபது நிமிடம் நிற்பாள், வீட்டில் குழந்தை பள்ளிக்குக் கிளம்பிப் போயிருக்கும். பன்னிரண்டு மணி நேர ராத்திரி வேலைக்குப் பிறகு அவள் குழந்தையைப் பார்க்கிற பத்து நிமிடம் அதுதான்.

யாரைக் கேட்பது? மேற்பார்வையாளர், "ரயில் லேட் என்பதெல்லாம் காரணமே இல்லை, நீங்கள் சீக்கிரம் கிளம்ப வேண்டும்" என்றார். டிக்கெட் கவுன்டரில் "மேலே கேளுங்க" என்றார்கள். கார்டிடம் கேட்டால் சிக்னல் விழவில்லை என்றார். ஸ்டேஷன் மாஸ்டர், வண்டி முந்தின ஸ்டேஷனிலிருந்தே தாமதமாகத்தான் வருகிறது என்றார். எல்லோரும் சொன்னது உண்மைதான் என்பது பின்னால் தெரிந்தது. அதுதான் இந்த விஷயத்தின் சிக்கலே, ஒவ்வொருவரும் உண்மையைச் சொல்லியும் பதில் கிடைக்காமல் போகிறது.

ஒரு நாள் காலை ஜங்ஷனுக்கு முன்னால் அவுட்டரில், அதாவது ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலுக்காகக் காத்து நிற்கும் இடத்தில், வண்டி நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம், எந்த அறிவிப்பும் இல்லை. பெட்டிக்குள் மூச்சு விட இடமில்லை. முன்பெட்டியிலிருந்து சிலர் குதித்து இறங்கித் தண்டவாளத்தில் நடக்க ஆரம்பித்தார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். நானும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். அந்த நேரம் எதிர்த் திசை வண்டி ஹாரன் அடித்தபடி என் முகத்துக்கு நேராகப் போனது. பின்னால் நின்ற ஒரு பெரியவர் என் பையைப் பிடித்து இழுத்தார்.

"ஏம்மா, இறங்காதே. இனிமே சிக்னல் சரியானாலும் வண்டி கிளம்பாது. லைன்ல ஆள் நடக்குதுன்னு தெரிஞ்சா கன்ட்ரோல்ல எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க."

அப்படியேதான் நடந்தது. சிக்னல் கோளாறு அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது என்று அப்புறம் தெரிந்தது. ஆட்களைத் தண்டவாளத்திலிருந்து அப்புறப்படுத்தி, இரண்டு திசையிலும் வண்டிகளை மெதுவாக விட்டு, நாங்கள் நகரும்போது எழுபது நிமிடம் ஆகியிருந்தது. இறங்கியதும் கோபத்தில் டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் கத்திவிட்டேன். அவருக்கும் அந்தச் சிக்னலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்கு அவரிடம் எத்தனை பேர் கத்தினார்களோ.

என் பையைப் பிடித்து இழுத்த பெரியவர் முப்பது வருடம் செக்‌ஷன் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவர், மகள் வீட்டுக்கு வாரம் இரண்டு முறை அதே வண்டியில் போவார் என்பது பிறகு பழகியபோது தெரிந்தது. செக்‌ஷன் கன்ட்ரோலர் என்றால் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் ஓடும் எல்லா வண்டிகளையும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்து, எதை முன்னால் விடுவது எதை நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர். பழைய காலத்தில் பெரிய சார்ட் தாளில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு பென்சிலால் இழுப்பார்களாம், கிடைமட்டமாக நேரம், செங்குத்தாக ஸ்டேஷன்கள். வண்டி ஓடினால் கோடு சாய்வாகப் போகும், நின்றால் படுத்துவிடும். "கோடு எங்கே படுக்குதுன்னு பாரும்மா, அங்கேதான் பதில் இருக்கு" என்பார்.

நான் அவரிடம் முதலில் கேட்டதே யார் பொறுப்பு என்றுதான். அவர் பதில் சொல்லாமல் என்னை ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எவ்வளவு தாமதம் என்று எழுதாதே, எங்கே தாமதமானது என்று எழுது, இதுதான் அவர் சொன்னது. நானும் ஏறும் ஸ்டேஷனில் வண்டி வந்த நேரம், இடையில் நான்கு ஸ்டேஷன்களில் வந்து நின்ற நேரம், கிளம்பிய நேரம், ஜங்ஷனைத் தாண்டிய நேரம், இறங்கிய நேரம் என்று மூன்று மாதம் எழுதினேன். நீங்களும் எழுதுவதாக இருந்தால் மூன்று வாரமே போதும். வண்டி எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள், "காலை ஏழு மணி வண்டி" என்று எழுதினால் பின்னால் ஒருவரும் அதை வைத்து எதையும் தேட முடியாது. ஸ்டேஷனுக்குள் வண்டி வந்து நின்ற நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள், அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எழுத எழுத இரண்டு விதத் தாமதம் தனியாகப் பிரிந்து வந்தது. ஒன்று, எப்போதாவது வருவது. சிக்னல் பழுது, மேலே போகும் மின்கம்பி அறுவது, பெட்டியில் கதவு மூடாதது, யாரோ அபாயச் சங்கிலியை இழுப்பது, தண்டவாளத்தில் ஆள். இதெல்லாம் இருபது நிமிடம், நாற்பது நிமிடம் என்று பெரிதாக வரும், ஊரே பேசும். ஆனால் என் நோட்டில் மூன்று மாதத்தில் இப்படிப்பட்ட நாள் ஐந்துதான். மற்றது தினமும் வருவது. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம், சில நாள் ஒன்பது நிமிடம். ஒருவரும் பேசமாட்டார்கள். என் லேட் மார்க்குகளில் பெரும்பாலானவை இந்தச் சின்னத் தாமதத்தில் வந்தவை.

எப்போதாவது நடக்கிற கோளாறை விபத்து என்று சொல்லலாம். தினமும் அதே இடத்தில் அதே அளவு நடக்கிற தாமதத்தை அப்படிச் சொல்ல முடியாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து போட்ட அட்டவணையில் அது இருக்கிறது. அதற்கு ஒரு பொறுப்பாளர் இருந்தே ஆக வேண்டும், அவர் நிச்சயமாக டிரைவரும் இல்லை, கார்டும் இல்லை, கவுன்டரில் இருக்கும் பெண்ணும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது.

என் ஏழு நிமிடம் எங்கே போனது என்று சொல்கிறேன். அதில் இரண்டு நிமிடம் பிளாட்பாரத்தில் போனது, வந்து நின்ற நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் தனித்தனியாக எழுதினால்தான் இது தெரியும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்க முப்பது வினாடி என்று அட்டவணையில் இருந்தால், நெரிசலில் நாற்பது வினாடி ஆகிறது. பத்து வினாடி ஒன்றுமில்லைதான், ஆனால் பன்னிரண்டு ஸ்டேஷனில் அது இரண்டு நிமிடம். இதில் இன்னொரு கொடுமை உண்டு. வண்டி கொஞ்சம் தாமதமானால் அடுத்த பிளாட்பாரத்தில் அந்தக் கூடுதல் நேரத்தில் கூடுதல் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள், அவர்கள் ஏற இன்னும் நேரம் ஆகும், அதனால் இன்னும் தாமதம். பின்னால் வரும் வண்டிக்கு ஆள் குறைந்து அது காலியாக நெருங்கி வரும். நெரிந்து வழியும் வண்டி ஒன்று தாமதமாக வந்தால், முட்டி மோதி அதில் ஏறாமல் அடுத்ததற்கு நில்லுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். அடுத்த வண்டி நான்கு நிமிடத்தில் வரப்போகிறது என்று பலகையில் தெரிந்தால் மட்டும். அரை மணிக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில் இந்த யோசனை ஆகாது.

மீதி ஐந்து நிமிடம் ஜங்ஷனுக்கு முன்னால், அவுட்டரில். ஏறக்குறைய தினமும் 7:31க்கு எங்கள் வண்டி அங்கே வந்து நிற்கும். இடது பக்கமிருந்து ஒரு எக்ஸ்பிரஸ் எங்கள் பாதையைக் குறுக்கே கடந்து போகும். அது போன பிறகு எங்களுக்குச் சிக்னல் விழும். என் நோட்டில் அறுபத்திரண்டு வேலை நாளில் நாற்பத்தொன்பது நாள் இதுதான் நடந்திருக்கிறது. பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இது கன்ட்ரோலர் பண்ற தப்பு இல்லம்மா. ரெண்டு வண்டிக்கும் ஒரே நிமிஷத்தைக் குடுத்திருக்காங்க. ரெண்டுல ஒண்ணு நின்னுதான் ஆகணும். நானா இருந்தாலும் உன்னோட வண்டியைத்தான் நிறுத்தியிருப்பேன், அது நின்னா அஞ்சு நிமிஷம், எக்ஸ்பிரஸ் நின்னா அதுக்குப் பின்னால வர்றதெல்லாம் சேர்ந்து அம்பது நிமிஷம்."

அவர் அதை ஒத்துக்கொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்த நியாயத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை, அவரிடமும் சொன்னேன். எக்ஸ்பிரஸில் இருப்பவர் வருடத்துக்கு ஒரு முறை அதில் வருகிறார். எங்கள் வண்டியில் இருப்பவர்கள் வருடம் முழுக்க வருகிறார்கள். தினமும் நிறுத்தப்படுவது யார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

இன்னொன்றையும் அவர்தான் காட்டினார், இதை யார் வேண்டுமானாலும் தங்கள் தடத்தில் சோதித்துப் பார்க்கலாம். எங்கள் வண்டி கடைசி ஸ்டேஷனுக்குப் பெரும்பாலும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது! நான் இறங்கும் இடத்தில் ஏழு நிமிடத் தாமதம், இரண்டு ஸ்டேஷன் தள்ளி முடியும் இடத்தில் ஏறக்குறையத் தாமதமே இல்லை. எப்படி? அட்டவணையை எடுத்துக் கடைசி இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். பதினொரு நிமிடம். அதே இரண்டு ஸ்டேஷனுக்கு எதிர்த் திசையில் ஐந்து நிமிடம். அந்த ஆறு நிமிடம் தாமதத்தை உள்வாங்கிக்கொள்ள வைத்திருக்கும் இடைவெளி. வண்டி திரும்பிப் போகும் பயணம் கெடக் கூடாது என்பதற்காக இப்படி வைப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம், அதில் தவறில்லை. ஆனால் நேரம் தவறாமையைக் கடைசி ஸ்டேஷனில் மட்டும் அளந்தால், நடுவில் இறங்கும் எங்களைப் போன்றவர்களின் தாமதம் எந்தக் கணக்கிலும் வராமல் போய்விடும். பிரிட்டனில் பல வருடம் அப்படித்தான் அளந்தார்கள், புறநகர் வண்டி கடைசி ஸ்டேஷனை ஐந்து நிமிடத்துக்குள் அடைந்துவிட்டால் அது சரியான நேரம். ஜெர்மனியில் ஆறு நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் தாமதமே இல்லை, சுவிட்சர்லாந்தில் மூன்று நிமிடத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் ரயில் இத்தனை சதவீதம் சரியான நேரத்துக்கு ஓடுகிறது என்று யாராவது சொன்னால், எந்த ஸ்டேஷனில் அளந்தது, எத்தனை நிமிடம் வரை மன்னிப்பு என்ற இரண்டையும் கேட்டுவிட்டு அப்புறம் நம்புங்கள்.

ரயில்வேக்குள்ளே பொறுப்பை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதும் கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு காரணம் எழுதியாக வேண்டும். சிக்னல் துறை, தண்டவாளத் துறை, மின்சாரத் துறை, பெட்டிப் பராமரிப்பு, இயக்கத் துறை, அப்புறம் வெளிக்காரணம். காலையில் முந்தின நாள் கணக்கை எடுத்து இது உன் நிமிடம், அது என் நிமிடம் என்று வாதம் நடக்குமாம். பிரிட்டனில் 1990களில் ரயில்வேயைத் தனியாரிடம் பிரித்துக் கொடுத்தபோது இது பண விவகாரமாகவே ஆகிவிட்டது. அங்கே மூன்று நிமிடமோ அதற்கு மேலோ தாமதமானால் காரணத்தைக் கண்டுபிடித்து ஒருவர் பெயரில் எழுத வேண்டும், தண்டவாளம் வைத்திருப்பவரும் வண்டி ஓட்டுகிறவரும் அதை வைத்து ஒருவருக்கொருவர் பணம் கொடுத்துக்கொள்வார்கள், இதைப் பார்ப்பதற்கென்றே முழுநேர ஆட்கள் உண்டு. இவ்வளவு கணக்கு நடக்கிறது, வண்டிக்குள் நிற்பவரிடம் ஒரு வரி சொல்வதற்கு ஆள் இல்லை. அதுதான் என் ஆற்றாமை.

இப்படிப் பங்கு பிரித்ததாலேயே பொறுப்பு காணாமல் போனதும் உண்டு. 2018 மே மாதம் பிரிட்டனில் புதிய கால அட்டவணையை ஒரே நாளில் கொண்டுவந்தார்கள். வட இங்கிலாந்திலும் லண்டனைச் சுற்றியும் தினமும் நூற்றுக்கணக்கான வண்டிகள் ரத்தாகி, வாரக்கணக்கில் மக்கள் தவித்தார்கள். தண்டவாள நிறுவனம் அட்டவணையைத் தாமதமாக முடித்தது, ரயில் நிறுவனங்களிடம் புதிய தடங்களில் பழகிய டிரைவர்கள் போதவில்லை, மேலே இருந்தவர்கள் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார்கள். ஸ்டீபன் கிளைஸ்டர் தலைமையில் நடந்த விசாரணை அந்த வருடமே சொன்ன முடிவு, யாரும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான். படித்தபோது எங்கள் ஸ்டேஷனில் நான் கேட்டுச் சலித்த பதில்களெல்லாம் ஞாபகம் வந்தன.

எல்லாப் பொறுப்பையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் 2005 ஏப்ரல் 25 அன்று அமகசாகியில் நடந்தது இருக்கிறது. காலை நேரப் புறநகர் ரயில். டிரைவருக்கு 23 வயது. முந்தின ஸ்டேஷனில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பப் பின்னால் வந்ததில் ஒன்றரை நிமிடம் அளவுக்குத் தாமதம். தவறு செய்யும் டிரைவர்களுக்கு அந்த நிறுவனத்தில் மறுபயிற்சி என்ற பெயரில் அவமானப்படுத்தும் தண்டனை இருந்தது, ஏற்கனவே அதை அனுபவித்தவர் அவர். 70 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய வளைவில் 116 கிலோமீட்டர் வேகத்தில் போனார். பெட்டிகள் தடம் புரண்டு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதின. டிரைவரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, இன்ஜின் பக்கம் போய் டிரைவரிடம் கத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தாமதமான வண்டி தாமதமாகவே வரட்டும். அந்த நிமிடங்களை வேகத்தில் மீட்டுக்கொடு என்று ஓட்டுகிறவரிடம் யாரும் கேட்கக் கூடாது, பயணிகள் நாமும்தான்.

சிக்னல் கோளாறு என்றதும் பராமரிப்பில் அலட்சியம் என்று உடனே சொல்லிவிடுவேன், அதையும் மாற்றிக்கொண்டேன். சிக்னல் கெட்டால் சிவப்பிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். முன்னால் தடம் காலியாக இருக்கிறதா என்று அதற்குச் சந்தேகம் வந்தாலே சிவப்பு. பழுது பார்க்கும் வரை ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாக அனுமதி கொடுத்து மெதுவாக விட வேண்டியிருக்கும். ஆகவே அந்த நாளின் தாமதம் பாதுகாப்பின் விலை. ஆனால் அதே சிக்னல் மாதம் மூன்று முறை கெட்டால் அதைப் பாதுகாப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அங்கே கேள்வி மாறிவிடுகிறது. எங்கே, எத்தனை முறை என்று எழுதி வைப்பது இதற்காகவும்தான்.

சரி, என் ஐந்து நிமிடத்துக்கு வருகிறேன். முதலில் நான் அனுப்பிய புகார், "இந்த வண்டி எப்போதும் தாமதமாக வருகிறது, உடனே நடவடிக்கை எடுக்கவும்" என்பது. சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது என்று பதில் வந்து அதோடு முடிந்தது. இரண்டாவது முறை பெரியவர் சொன்னபடி எழுதினேன். வண்டி எண், தேதிகள், ஜங்ஷனுக்கு முன்னால் நின்ற நேரம், கிளம்பிய நேரம், குறுக்கே போன எக்ஸ்பிரஸின் எண். கீழே ஒரே ஒரு கேள்வி: இந்த இரண்டு வண்டிகளுக்கும் ஜங்ஷனில் கொடுக்கப்பட்டிருக்கும் நேரம் என்ன? நடவடிக்கை எடுங்கள் என்று கேட்டால் எடுக்கிறோம் என்று சொல்லிவிடலாம். நேரம் என்ன என்று கேட்டால் நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். பதில் வர ஏழு வாரம் ஆனது. இரண்டு வண்டிக்கும் இடையே ஒரு நிமிட இடைவெளி என்று இருந்தது. குறுக்கே கடக்கும் இடத்தில் பாதையை மாற்றிச் சிக்னல் கொடுக்க அது போதாது என்று பெரியவர் சொன்னார். அதையும் மேற்கோள் காட்டி, நாற்பத்தொன்பது தேதிகளையும் இணைத்து, எங்கள் வண்டியில் வரும் பதினெட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கி மூன்றாவது கடிதம் போனது. அதற்குப் பதிலே வரவில்லை. ஆனால் அடுத்த அட்டவணையில் எங்கள் வண்டி 6:57 ஆகியிருந்தது, எக்ஸ்பிரஸுக்கு முன்னால் ஜங்ஷனைத் தாண்டும்படி. எங்கள் கடிதத்தால்தானா என்று நிரூபிக்க முடியாது. நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இழப்பீடு பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஊருக்கு ஊர் விதி வேறு, உங்கள் டிக்கெட் விதிகளை ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள். பிரிட்டனில் பல நிறுவனங்கள் 15 நிமிடத் தாமதத்துக்கே கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கின்றன, யார் மீது தவறு என்று பயணி நிரூபிக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் 50 சதவீதம். ஆனால் புறநகர் சேவைகளுக்கு விலக்குக் கொடுக்க நாடுகளுக்கு அனுமதியும் அதிலேயே உண்டு, அதாவது தினமும் தாமதத்தைச் சுமக்கிறவர்களை வெளியே விட்டுவிடலாம். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் ஒரு வழக்கில் சொன்னதை நான் அடிக்கடி நினைப்பேன். ரயில் நான்கு மணி நேரம் தாமதமாகி விமானத்தைத் தவறவிட்ட பயணியின் வழக்கு அது. தாமதத்துக்குத் தன் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்தது என்று காட்ட வேண்டியது ரயில்வேதான், காட்ட முடியாவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். காரணம் அவர்களுக்குத்தான் தெரியும், அப்படியிருக்க அதைச் சொல்லும் கடமையும் அவர்களுடையதுதானே. பிளாட்பாரத்தில் நிற்பவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்?

வேலையிடத்தில் பேசுவதையும் நான் தவறாகத்தான் செய்துகொண்டிருந்தேன். தாமதமான நாளில், மூச்சிரைக்க வந்து நின்று விளக்கம் சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும். ஒன்றும் நடக்காத ஒரு நாள் மத்தியானம் நோட்டோடு போய் மேற்பார்வையாளரிடம் உட்கார்ந்து பேசினேன். ஐந்து நாள் பெரிய கோளாறு, மீதி தினமும் ஏழு நிமிடம் என்று காட்டினேன். அவர் நோட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, இரவு ஷிப்ட் பெண்ணையும் கூப்பிட்டார். ஷிப்ட் மாறும் நேரத்தில் பதினைந்து நிமிடத்துக்குப் பக்கத்துப் பிரிவிலிருந்து ஒருவர் பொறுப்பை வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடானது. ஜப்பானில் ஐந்து நிமிடம் தாமதமானாலே பெரும்பாலான ரயில் நிறுவனங்கள் தாமதச் சான்றிதழ் கொடுக்கின்றன, வேலையிடத்திலும் பள்ளியிலும் அதைக் காட்டலாம். நமக்கு அது இல்லாத இடங்களில் பிளாட்பாரப் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதுதான் வழி, நேரமும் வண்டி எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி.

முந்தின வண்டியில் போகலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். போனேன், ஒன்றரை வருடம் 6:42 வண்டியில் போனேன். முக்கியமான நாளில் நீங்களும் போங்கள், பரீட்சை, நேர்காணல், அறுவை சிகிச்சை என்றால் ஒரு வண்டி முன்னால் கிளம்புவதைத் தவிர வேறு வழியில்லை. முடிந்தால் தொலைவிலிருந்து ஓடி வரும் வண்டியைவிட உங்கள் பக்கத்து ஸ்டேஷனிலேயே புறப்படும் வண்டியாகப் பாருங்கள், ஏற்கனவே தாமதத்தைச் சுமந்து வராது. ஆனால் தினமும் இருபது நிமிடம் முன்னால் கிளம்புவது இலவசம் இல்லை. வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 5,000 நிமிடம், எண்பத்து மூன்று மணி நேரம். அட்டவணை போட்டவரின் ஐந்து நிமிடத் தவறை என் தூக்கத்திலிருந்து வருடத்துக்கு எண்பத்து மூன்று மணி நேரம் கொடுத்து நான் ஈடுகட்டியிருக்கிறேன். என்னைப் போல் அந்தப் பிளாட்பாரத்தில் எத்தனை பேர்.

அதே நேரம், ஓடி வருகிற நண்பனுக்காகக் கதவருகே காலை வைத்துக்கொண்டு நிற்பதை நான் இப்போது நேராகவே தட்டிக் கேட்கிறேன். அவருக்கு இருபது வினாடி மிச்சம், பெட்டிகளில் இருக்கும் ஆயிரக்கணக்கான பேருக்கு இருபது வினாடி நஷ்டம், பின்னால் வரும் வண்டிக்கும் நஷ்டம். கேட்டால் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. பரவாயில்லை.

அவுட்டரில் நின்றால் இப்போது நான் இறங்க நினைப்பதில்லை, பக்கத்தில் இறங்கப் பார்ப்பவரையும் விடுவதில்லை. முதல் பத்து நிமிடத்துக்குள் வேலையிடத்துக்குச் செய்தி அனுப்பிவிடுகிறேன், அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் வேறு எப்படிப் போவது என்பது முன்பே எழுதி வைத்திருக்கிறேன். கார்டிடம் கேட்பதாக இருந்தால் ஏன் நின்றது என்று கேட்பதில்லை, அவருக்கும் அநேகமாகத் தெரியாது. கன்ட்ரோலில் கேட்டு ஒரு வார்த்தை அறிவிக்க முடியுமா என்று மட்டும் கேட்கிறேன். காரணம் தெரியாவிட்டாலும் "இன்னும் தெரியவில்லை, பத்து நிமிடத்தில் திரும்பச் சொல்கிறேன்" என்ற ஒரு அறிவிப்பு வந்தால் பெட்டிக்குள் இருக்கும் பதற்றம் பாதியாகக் குறைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவுட்டரில் அந்த ஒரு அறிவிப்பு வந்திருந்தால் அத்தனை பேர் குதித்திருக்கமாட்டார்கள்.

நோட்டு இன்னும் பையில்தான் இருக்கிறது, இப்போது மூன்றாவது நோட்டு. பெரியவர் முழங்கால் வலியால் அடிக்கடி வருவதில்லை, வரும்போது முதலில் நோட்டைத்தான் கேட்பார். நேற்று 6:57 வண்டி 6:59க்குக் கிளம்பியது. இரண்டு நிமிடம் என்று எழுதிக்கொண்டேன். காரணம் என்ற கட்டத்தில், சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொள்ளக் கார்டு இறங்கி வந்து நின்றார் என்று எழுதினேன். இரவு ஷிப்ட் தோழி தன் ரயிலைப் பிடித்துவிட்டதாக 8:10க்குச் செய்தி அனுப்பியிருந்தாள்.